விடுதி அறை வீடா, இல்லையா?

குட்டீஸ்... பிளஸ் 2 முடித்து, ஆரணியை விட்டு வெளியூர் கல்லூரி விடுதிக்குப் போகும்போது, வீட்டு நாய்க்குட்டியையும் தூக்கிப் போக முடியுமா? 'வார்டன் விரட்டி விடுவாரே' என்கிறீர்களா! அமெரிக்காவில் ஒரு மாணவி கேட்டே விட்டார்.

நெப்ராஸ்கா மாநிலம், கியர்னி நகரப் பல்கலைக்கழகத்தில் படிக்கச் சென்றவர் அவர். திடீர் திடீரென மனப் பதற்றம் வந்து விடும். அவர் வளர்த்த குட்டி நாய் அருகில் இருந்தால், பதற்றம் தணியும். 2010ல், அதை உடன் வைத்துக் கொள்ள அனுமதி கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்து விட்டது.

வீடு தருவதில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம், 1968 முதல் அங்கு உண்டு. அதன்படி, 2011ல் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது!

'மாணவர்கள் தங்குவது தற்காலிக இடம். அது வீடு ஆகாது' என வாதாடியது பல்கலைக்கழகம். பகலில் தறி ஓடும் கூடத்திலேயே, இரவில் பாய் விரித்துத் தூங்குபவர்கள் நம் ஊர் நெசவாளர்கள். எது வீடு என, அவர்களைக் கேட்டிருக்கலாம்!

'மாணவர் விடுதியும் குடியிருப்பே' என, 2013ல் நீதிமன்றம் கூறியது. 2015ல் சமரசம் ஏற்பட்டது. இரு மாணவர்களுக்கு, 1,40,000 டாலர் கொடுத்து, விதிகளையும் மாற்றியது பல்கலைக்கழகம்.

நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. வார்டன் பக்கமும் நியாயம் உண்டு. அறைத் தோழிக்கு நாய் என்றாலே பயமாக இருக்கலாமே!

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில், ஒரு காலத்தில் நாய் வளர்க்கத் தடை இருந்தது. அங்கு படித்த கவிஞர் பைரன், 1807ல் என்ன செய்தார் தெரியுமா? கரடி வளர்த்தார்! விதியில் கரடியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையாம்!