உடம்பு பழசு, உயிர் புதுசு!

கல்யாணம் என்றால் நம் கண் முதலில் எங்கே போகும்? பெண்ணின் உடுப்புக்கும் நகைக்கும்தானே! 2018 மே 19-ம் தேதி விண்ட்ஸர் கோட்டையில் இங்கிலாந்து இளவரசர் ஹாரிக்கும் மேகனுக்கும் நடந்த கல்யாணத்தை டி.வி.யில் நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை விருந்துக்குப் புறப்படும்போது மேகன் வேறு உடை மாற்றி வந்தார். நான் அதைப் பார்க்க, என் பிள்ளையோ, "அம்மா, காரைப் பாரும்மா!" என்று கத்தினான்.

வெளிர் நீலத்தில், கூரை இல்லாமல், நீள மூக்கோடு ஒரு கார். நம்பர் பிளேட்டில்கூட கல்யாணத் தேதி! இளவரசரே ஓட்டிக்கொண்டு போனார். "இது 1968-ல் செஞ்ச ஜாகுவார் ஈ-டைப்மா. ஆனா உள்ளே எஞ்சினே கிடையாது. பாட்டரியில ஓடுது" என்றான். எனக்கு சுவாரஸ்யம் தட்டிவிட்டது. அவனைக் குடைந்து குடைந்து கேட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஈ-டைப்புக்கு வடிவம் கொடுத்த மால்கம் சேயர், அதற்கு முன் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அந்தக் காரை வைத்தார்களாம். பார்க்க வந்த கூட்டம் தாங்கவில்லை. 'இன்னொன்று அனுப்புங்கள்' என்று கோவென்ட்ரிக்குச் செய்தி போக, சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். பிற்பாடு, 1996-ல், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமே ஒரு ஈ-டைப்பை வாங்கி வைத்துக்கொண்டது.

அழகுதான். ஆனால் கூடக் குடித்தனம் நடத்துவது கஷ்டம்! ஆரம்பத்தில் வந்த வண்டிகளில் கியர் மாற்றுவதே ஒரு பாடு. சீட்டும் சுகமில்லை, கால் நீட்ட இடமும் இல்லை. 1964-ல் கம்பெனியே கியர்பாக்ஸையும் சீட்டையும் மாற்றிக் கொடுத்தது. ஆக, மாற்றம் என்பது இதற்குப் புதிதல்ல.

இதே காரைப் பெட்ரோல் எஞ்சினோடேயே வைத்துக்கொண்டு, ஐந்து கியர், ஏ.சி. எல்லாம் பொருத்தித் தருகிறவர்களும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். கல்யாணக் கார் ஒரு படி மேலே போய்விட்டது. டாடா மோட்டார்ஸ் 2008-ல் ஜாகுவாரை வாங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஜாகுவாரே 2017-ல் செய்து காட்டிய வண்டி இது. பெயர் ஈ-டைப் ஜீரோ.

இதில் என்னை அசத்திய விஷயம் வேகம் இல்லை. பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் என்ன அளவோ, என்ன எடையோ, கிட்டத்தட்ட அதே அளவில் பாட்டரியைச் செய்து, எஞ்சின் இருந்த இடத்திலேயே உட்காரவைத்தார்கள். கியர்பாக்ஸ் இருந்த இடத்தில் மோட்டார். மொத்த எடை 46 கிலோ குறைந்ததே தவிரக் கூடவில்லை. அதனால் பிரேக்கையோ ஸ்பிரிங்குகளையோ தொட வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே ராத்திரி சார்ஜ் போட்டால் சுமார் 270 கிலோமீட்டர் ஓடும். முன்விளக்கு எல்.இ.டி.; முன்பலகை மீட்டர்களும் புதுசு. முக்கியமானது என்னவென்றால், வேண்டாம் என்று தோன்றினால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பழைய எஞ்சினையே திரும்ப மாட்டிவிடலாம்!

வளர்கிற பெண்ணுக்குப் பாவாடை தைக்கும்போது துணியை வெட்டாமல் உள்ளே மடித்து டக் பிடிப்போமே, அதே யுக்திதான்.

இதற்கும் எதிர்ப்பு வராமல் இல்லை. அந்த எஞ்சினின் உறுமல் போனபின் அது ஈ-டைப்பா என்று கேட்டார்கள். பழைய வண்டிகளுக்கான ஃபிவா என்ற உலக அமைப்பு 2019-ல், இப்படி மின்சாரத்துக்கு மாற்றியவற்றைச் சரித்திர வாகனமாக ஏற்க முடியாது என்றது. மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் திரும்ப மாட்டும்படி மாற்றுங்கள், கழற்றிய பாகங்களுக்கு அடையாளம் எழுதிப் பத்திரமாக எடுத்து வையுங்கள் என்றும் சொன்னது. 2018-ல், வாடிக்கையாளர்களுக்கும் செய்து தருவோம் என்று அறிவித்த ஜாகுவார், அடுத்த வருஷமே அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டது.

'பாகங்களைப் பத்திரமாக வையுங்கள்' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா எனக்குக் கொடுத்த கால் தையல் மெஷினுக்கு சில வருஷங்களுக்கு முன் மோட்டார் வைத்தேன். முழங்கால் வலிக்கு ரொம்ப சௌகரியம், பொய் சொல்லக்கூடாது. ஆனால் வைக்க வந்தவர் பெடலையும் இரும்புக் காலையும் கழற்றி, "இது எதுக்கும்மா இனிமே?" என்றார். நானும் யோசிக்காமல் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். அம்மா மிதித்து மிதித்து வழவழப்பான பெடல் அது. கரண்ட் போனால் இப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"அதே மாடல் காலு கிடைக்கும்மா, தேடலாம்" என்கிறான் பிள்ளை. வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக் கடைகளுக்குப் போவதாக இருக்கிறோம். மோட்டாரையும் கழற்றப்போவதில்லை.