மஹய்யாவவின் 600 மணி நேரம்

2001ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் கண்டி மாநகர சபை எல்லைக்குள் 110,049 பேர். இலங்கைச் சோனகர் 15,326, இலங்கைத் தமிழர் 9,427, இந்தியத் தமிழர் 5,245. கூட்டினால் 29,998, அதாவது 27.3 சதவீதம். எல்லாச் சோனக வீடுகளிலும் தமிழே பேசப்படுவதில்லை என்பதைக் கழித்துக்கொண்டாலும், 20 பிள்ளைகள் உள்ள முன்பள்ளியில் நாலைந்து பேருக்கு வீட்டுமொழி தமிழ். இது நகரத்தின் சராசரி. மாநகர சபைத் துப்புரவுப் பணியாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக நெருங்கி வாழும் மஹய்யாவ என்ற கண்டி நகரப் பகுதிக்கு அது பொருந்தாது. அங்கே வீட்டில் தமிழ், பஸ்ஸில் சிங்களம், பெற்றோரின் ஆசையில் ஆங்கிலம்.

முன்பள்ளி நாளொன்றுக்கு 3 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாட்கள் என்று வைத்துக்கொண்டால் 600 மணி நேரம். பிள்ளை விழித்திருப்பது நாளுக்கு 12 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 4,380. முன்பள்ளியின் பங்கு 13.7 சதவீதம், மீதி 86.3 சதவீதம் வீட்டுக்கும் தெருவுக்கும். "வீட்டிலும் சிங்களமே பேசுங்கள்" என்ற அறிவுரை, தாய்க்கு நன்றாகத் தெரிந்த மொழியின் 3,780 மணி நேரத்தை அவருக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழிக்கு மாற்றச் சொல்கிறது.

எழுத்திலும் ஒரு கணக்கு உண்டு. க, ச, ட, த, ப என்ற 5 தமிழ் எழுத்துகளின் இடத்தில் சிங்களத்தில் 20. பேச்சில் மூச்சொலி பெரும்பாலும் மறைவதால் காதுக்கு எட்டுவது 10. தமிழில் குறில் 5, சிங்களத்தில் 6: 'அப்பிள்' பழத்தைச் சிங்களத்தில் சொல்லும்போது வரும் முதல் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. மஹய்யாவப் பிள்ளை அதைச் சிரமமின்றிச் சொல்லும், எழுதும்போதுதான் தடுமாறும். அம்மா, அக்கா இரு மொழிக்கும் பொது. மல்லி வீட்டில் ரசத்துக்கு, வாசலுக்கு வெளியே சிங்களத்தில் தம்பி.

ரொறொன்ரோவின் குடியேறிய பிள்ளைகளைப் பற்றி ஜிம் கம்மின்ஸ் 1981இல் எழுதியது: புது மொழியில் பேச்சுவழக்குக்கு ஏறத்தாழ 2 ஆண்டு, பாடமொழிக்கு 5 முதல் 7 ஆண்டு. தரம் 1இல் சிங்கள மொழிமூலம் சேரும் பிள்ளை, 5 ஆண்டு நிறையுமுன்பே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு உட்கார்கிறது. முன்பள்ளியின் 2 ஆண்டையும் சேர்த்தால் வரம்புக்குள் வரலாம். ஆனால் அந்த 2 ஆண்டு என்பது 1,200 மணி நேரம் மட்டுமே. இலங்கை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை சிங்களம், தமிழ் இரண்டில் ஒன்றின் வழியே கற்கும் உரிமையைத் தருகிறது. மொழியைத் தேர்ந்தெடுப்பது பெற்றோர், அது பெரும்பாலும் 5 வயதில் நடந்துவிடுகிறது.

அந்த முன்பள்ளி ஆண்டுகளுக்கு அரசு தருவதிலும் ஒரு கணக்கு உண்டு. 2025 வரவு செலவுத் திட்டம் முன்பள்ளிப் பிள்ளையின் காலை உணவுக்கான தொகையை 60 ரூபாயிலிருந்து 100 ரூபாயாக்கியது, உயர்வு 66.7 சதவீதம். ஆசிரியையின் மாதக் கொடுப்பனவு 2,500 ரூபாயிலிருந்து 3,500 ரூபாய். உயர்வு 40 சதவீதம். மாதம் 20 வேலை நாள் என்றால் நாளுக்கு 175 ரூபாய். பெற்றோர் கட்டும் கட்டணத்தில் கிடைப்பது வேறு. இரு மொழி தெரிந்த ஆசிரியைக்கும் அந்தத் திட்டத்தில் அரசு தந்தது இதே 175தான், இரண்டு பிள்ளைகளின் காலை உணவுக்கு 25 ரூபாய் குறைவு.