மார்கழியில் ஓணான் தூங்குமா?

மார்கழிக் காலையில், புதுச்சேரித் தாவரவியல் பூங்காவின் வேலியோரம் நின்று பாருங்கள். கருத்த உடம்பை வெயிலுக்குக் காட்டியபடி கிளையோடு கிளையாக ஒட்டிக் கிடக்கும் ஓணான். சூடு ஏற ஏற உடம்பு வெளுக்கும். தலையை இரண்டு தரம் ஆட்டிவிட்டு இரை தேடிக் கிளம்பிவிடும். பிரெஞ்சுக்காரர் தொதேன் 1802-இல் இதற்கு இட்ட அறிவியல் பெயரே ‘நிறம் மாறுவது’ என்றுதான் பொருள்படும்.

ஜனவரி இரவிலும் இங்கே வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதனால் ஊர் ஓணானுக்குக் குளிர்காலம் என்பது காலை நேரச் சோம்பல், அவ்வளவே.

கண்ணாடித் தொட்டியில் செல்லமாக வளரும் பியர்டட் டிராகன் என்ற பல்லியின் கதை வேறு. அதன் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூலை இரவுகள் 4 டிகிரி அளவுக்குக் குளிரும். வாரக்கணக்கில் உண்ணாமல் பதுங்கிக் கிடக்கும் இந்தப் பல்லியினம், நடுநடுவே விழித்துத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுக்கும். ஊர்வனவற்றின் இந்த அரைத் தூக்கத்துக்கு ‘புரூமேஷன்’ என்ற பெயரை 1965-இல் கொடுத்தவர் மேஹ்யூ என்ற அமெரிக்க விலங்கியலாளர். நம் தார் பாலைவனத்து முள்வால் ஓணானும் வளை வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கிறது.

‘அப்படியானால் நாமும் தொட்டியின் சூட்டு விளக்கை அணைத்துத் தூங்க வைக்கலாமே’ என்று தோன்றும். வம்பே அங்கேதான். பியர்டட் டிராகனுக்குத் தின்றது செரிக்க, வெயில் காயும் இடத்தில் 40 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். நம் வீட்டு அறையோ டிசம்பரிலும் 24, 25 டிகிரி. செரிக்கப் போதாத சூடு, தூங்கப் போதாத குளிர்! தின்ற பூச்சி வயிற்றிலேயே அழுகலாம். உடல் முழுதாக அடங்காததால் கொழுப்பும் வீணாகக் கரையும்.

சில டிராகன்கள் விளக்கு எரியும்போதே தாமாக மூலையில் சுருண்டுவிடுவதுண்டு. வளர்ந்த, கொழுத்த பிராணியானால் பதறவேண்டாம். இரையை நிறுத்துங்கள், தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை மளமளவென இறங்கினாலோ, ஒரு வயது ஆகாத குட்டி படுத்தாலோ, அது தூக்கமல்ல, நோயாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.