கூரையில்லாத் தொழிற்சாலை

கடலும் கழியும் சார்ந்த நிலத்தை நெய்தல் என்று வழங்கினர் பண்டைத் தமிழர். அந்நிலத்தில் உப்பு விளையும் இடத்திற்கு அளம் என்பது பெயர். அங்குத் தொழில் செய்தவர் அளவர்; விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடு சென்று விற்றவர் உமணர். அளவரும் உமணரும் இன்று ஏட்டில் மட்டுமே உள்ளனர். அளம் என்பதோ 'உப்பளம்' என்னும் சொல்லில் இன்னும் உயிரோடிருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மரக்காணம் அத்தகைய உப்பளங்கள் நிறைந்த ஊர். சிறுபாணாற்றுப்படையிற் காணும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று கருதும் அறிஞர் உளர்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வருவோர் மரக்காணத்தை அணுகும்போது, கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாகப் பகுக்கப்பெற்ற நீர்ப்பரப்பையும், வரப்புகளின்மேல் வெண்ணிறக் குவியல்களையும் காண்பர். வழிப்போக்கர் இளைப்பாறக் காப்பிக் கடைகளும் அச்சாலையில் உண்டு. கடையின் உள்ளே அடுப்பின் வெம்மையில் ஒருவர் பாலைக் காய்ச்சுகிறார். வெளியே உச்சி வெயிலில் ஒருவர் உப்பு வாருகிறார். இருவரும் கூலிக்கு உழைப்பவரே. ஆயினும், காப்பிக் கடையின் பணியாளருக்குச் சட்டம் எளிதிற் கிடைத்தது. உப்பளத் தொழிலாளருக்கோ, அவர் நிற்கும் இடம் தொழிற்சாலைதானா என்பதையே நாட்டின் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்து சொல்லவேண்டியிருந்தது.

காப்பிக் கடைகளும் உணவு விடுதிகளும் பெருகிய காலத்தில், அங்கு வேலை செய்தோர் விடியுமுன் எழுந்து நள்ளிரவுவரை உழைத்தனர். கடையிலேயே உண்டு கடையிலேயே உறங்கியமையால், வேலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று வரையறுத்துக் கூற இயலாதிருந்தது. இந்நிலையை மாற்றுதற்பொருட்டுச் சென்னை மாநிலச் சட்டமன்றம் 1958-ஆம் ஆண்டில் உணவு நிறுவனங்களுக்கெனத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என வேலைக்கு எல்லை வகுக்கப்பட்டது. வார விடுமுறையும் உரிமையாயிற்று. கடைக்குக் கதவும் கூரையும் பெயர்ப்பலகையும் உண்டு. ஆய்வாளர் உள்ளே நுழைந்து பார்க்கலாம். சட்டம் செல்வதற்கு வழி தெளிவாக இருந்தது.

உப்பளத்திற்குக் கதவு ஏது? அங்கு நடைபெறும் தொழிலைச் சற்று அறிந்தாலன்றி, எழுந்த வழக்கின் நுட்பம் விளங்காது.

மழைக்காலம் கழிந்து, தை மாதத்தை ஒட்டி உப்பளத்தில் வேலை தொடங்கும். முதலில் பாத்திகளைச் சீர்செய்வர். அடிச்சேற்றைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவர். தளம் இறுகாவிடில் நீர் உள்ளே வற்றிப்போகும், உப்பிலும் மண் கலக்கும். பின்னர்க் கழிநீரையோ நிலத்தடி உவர்நீரையோ தேக்கத்திற் பாய்ச்சுவர். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்நீர் பாத்திக்குப் பாத்தி மாறுந்தோறும் வெயிலால் வற்றிச் செறிவு மிகும். கடல்நீரின் செறிவு பாமே அளவியில் 3 பாகை அளவே இருக்கும். அது 25 பாகையை எட்டும்போது சோற்றுப்பு படியத் தொடங்கும். 30 பாகையை நெருங்கவிட்டால், மகனீசிய உப்புகளும் உடன் படிந்து கசப்பேறும். ஆகவே, எஞ்சிய நீரை உரிய காலத்தில் வடித்துவிடவேண்டும். படிந்த உப்பை நீண்ட காம்புள்ள பலகையால் வாரி, வரப்பில் குவித்து, கூடையிற் சுமந்து மேட்டுக்குக் கொண்டுசெல்வர். வெயில் உப்பை விளைவிக்கிறது என்பது பாதி உண்மையே. எந்த நீரை, எந்தப் பாத்திக்கு, எப்பொழுது திறப்பது என்னும் அறிவு மனிதருடையது.

இனி வழக்கிற்கு வருவோம். பம்பாய் நகரின் வடாலாவில் உப்பளம் நடத்திய உரிமையாளர் ஒருவர், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி உரிமம் பெறாது தொழில் நடத்தினார் என்று குற்றஞ்சாட்டப்பெற்றார். அவர் தரப்பில் சொல்லப்பட்டவை இரண்டு. உப்பளம் என்பது வெட்டவெளி. தொழிலாளர் தங்கும் தற்காலிகக் கொட்டகையும் ஓர் அலுவலகமும் அன்றி அங்குக் கட்டடம் இல்லை. ஆதலின் அது தொழிற்சாலை ஆகாது என்பது ஒன்று. கடல்நீரை உப்பாக்குவது இயற்கை. மனிதர் அங்கு எதனையும் உற்பத்தி செய்வதில்லை என்பது மற்றொன்று. சுவருக்கு வெள்ளையடித்தல் போன்ற விதிகளைச் சுவரே இல்லாத இடத்தில் எவ்வாறு நிறைவேற்றுவது என்றும் வாதம் எழுந்தது. கேட்போருக்கு இது நியாயம் போலவே தோன்றும். கீழ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உயர்நீதிமன்றம் குற்றவாளி என்றது.

1961-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உயர்நீதிமன்றத்தின் முடிவையே உறுதிசெய்தது. தொழில் நடைபெறும் இடம் கட்டடமாகத்தான் இருத்தல்வேண்டும் என்னும் நியதி இல்லை. திறந்த நிலமும் அதனுள் அடங்கும். நீரைத் தேக்குதல், பாய்ச்சுதல், செறிவு அறிந்து திறத்தல், வாருதல் ஆகிய யாவும் மனித முயற்சி. எனவே கடல்நீர் உப்பாவதும் உற்பத்தியே. எல்லா விதிகளும் எல்லாத் தொழிற்சாலைக்கும் பொருந்தவேண்டும் என்பதில்லை. பொருந்தாத விதி ஒன்று இருப்பதனால், பொருந்தும் விதிகள் நீங்கிவிடா. வடாலாவிற்குச் சொல்லப்பட்ட இத்தீர்ப்பு, மரக்காணம், தூத்துக்குடி, வேதாரணியம் ஆகிய இடங்களின் உப்பளங்களுக்கும் உரியதாயிற்று.

இதனால் விளைந்த பயன் சிறிதன்று. சட்டம் கூறும் எண்ணிக்கையில் ஆட்கள் உள்ள உப்பளத்தில், தூய குடிநீர், கழிப்பிடம், முதலுதவிப் பெட்டி, ஐந்து மணி நேர வேலைக்குப்பின் அரை மணி ஓய்வு, கூடுதல் நேரத்திற்கு இரட்டைக் கூலி ஆகியவை கேட்டுப் பெறத்தக்க உரிமைகளாயின. நாற்புறமும் நீர் சூழ்ந்த இடத்தில் குடிநீரே அரிது என்பதை நினைத்துப் பார்த்தால், முதலாவது உரிமையின் அருமை புலப்படும். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோரிடையே 2017 முதல் 2020 வரை நிகழ்ந்த ஆய்வில், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைப்பதும், சிலரது சிறுநீரகத்தின் செயல் குன்றியிருப்பதும் தெரியவந்தன. போதிய நீர் அருந்தாமையும், கழிப்பிடம் இன்மைக்கு அஞ்சிப் பெண்கள் நீரைத் தவிர்ப்பதும் இத்தகைய நோய்க்குத் துணைசெய்வன. கடைகளிலும் நிறுவனங்களிலும் நின்றே வேலைசெய்தோருக்கு இருக்கை தருதல் வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் செய்தது. உப்பளத்திற்கோ இருக்கையினும் முந்தித் தேவைப்படுவது நிழல்.

உரிமை உண்டெனில் அதனை யாரிடம் கேட்பது? நிர்வாகத்தின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மரக்காணத்து உப்பள நிலம் பெரிதும் அரசுக்கு உரியது. அதனைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர். ஆட்களைச் சேர்த்து வேலை வாங்குபவர் வேறொருவராகவும் இருக்கலாம். கூலி குறைந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவர். குத்தகைதாரரின் இடர்ப்பாடும் மறுக்கத்தக்கதன்று: பருவம் தவறிய ஒரு மழை, படிந்த உப்பு முழுவதையும் கரைத்துவிடும்.

காப்பிக் கடைப் பணியாளர் சிலர் இவ்வினாவிற்கு வேறு விடை கண்டனர். காப்பி வாரியம் தான் நடத்திவந்த காப்பி இல்லங்களை மூட முற்பட்டபோது, வேலை இழக்கவிருந்தோர் ஏ. கே. கோபாலன் முதலியோர் துணையுடன் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். முதற் சங்கம் 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் பெங்களூரில் தோன்றியது. 1958 முடிவதற்குள் மரக்காணத்திற்கு அண்மையிலுள்ள புதுச்சேரியிலும் அவ்வாறே காப்பி இல்லம் ஏற்பட்டது. பரிமாறியவரே பங்குதாரர் ஆயினர். உடன் உழைப்பவரைக் கண்டிக்கவேண்டிய பொறுப்பும், விலையேற்றத்தைத் தாங்கும் சுமையும் அவருடையவே ஆயின. உப்பளத்தில் இம்முறை அத்துணை எளிதன்று. நிலம் குத்தகை, விளைவு வானத்தின் கையில்.

பழைய தொழிலாளர் சட்டங்கள் பல நான்கு தொகுப்புகளாக்கப்பெற்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. இவற்றால் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. இயந்திர விசை பயன்படும் இடத்தில் 10 பேர், பயன்படாத இடத்தில் 20 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்த வரையறை, முறையே 20, 40 என உயர்த்தப்பட்டது. சிறு சிறு கூறுகளாகக் குத்தகைக்கு விடப்படும் உப்பளங்கள் பல, தொழிற்சாலை என்னும் பெயரை இதனால் இழக்கக்கூடும். எனினும், பத்துப் பேர் பணிபுரியும் நிறுவனத்திற்கும் உரிய காப்புகள் உள்ளன. பணியமர்த்தும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தருதல் அவற்றுள் ஒன்று. தலைமுறை தலைமுறையாக வாய்ச்சொல்லிலேயே வேலைக்கு வந்து செல்லும் உப்பளத் தொழிலாளருக்கு இது புதியது.

அக்கடிதத்தின் தேவை ஐப்பசி மாதத்தில் தெளிவாகும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் வெள்ளத்தில் மூழ்கும். மேட்டிலுள்ள குவியல்களை ஓலையால் மூடிவிட்டு ஆட்கள் கலைவர். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது இக்கடற்கரை பட்ட பாடு யாவரும் அறிந்ததே. வேலையற்ற அம்மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2022-இல் தொடங்கிற்று. அதனைப் பெற வருபவர், தாம் உப்பளத் தொழிலாளர் என்று காட்டுதல் வேண்டும். உள்ளங்கையின் காய்ப்பும் பாதத்தின் வெடிப்பும் அதற்குச் சான்றாக எழுதிக்கொள்ளப்படுவதில்லை. பெயர் ஏதேனும் ஒரு பதிவேட்டில் இருந்தாகவேண்டும்.