கணினி மொழியில் மாற்றுப்பெயர்

ஒரே வகுப்பில் இரு மாணவர் ஒரே பெயருடன் வந்து சேர்வது பள்ளிக்கூடங்களிற் புதுமையன்று. ஆசிரியர் வரவுப் பதிவேட்டைத் திறந்து அப்பெயரைக் கூப்பிட்டதும் இருவரும் எழுந்து நிற்பர். மறுநாள் தொட்டு ஒருவன் தந்தை பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து அழைக்கப்படுவான். பையன் மாறவில்லை, அவ்வகுப்பறைக்குள் அவனை அழைக்கும் முறையே மாறியது. கணினி மொழிகளிலும் இத்தகைய தொல்லை உண்டு. இத்தகைய தீர்வும் உண்டு.

கணினியைக் கொண்டு ஒரு பணியைச் செய்விக்கும் கட்டளைத் தொகுதி செய்நிரல் எனப்படும். மனிதர் எழுதிய அக்கட்டளைகளை வாசித்துப் பிழை பார்த்து, பொறிக்கேற்ற வடிவில் மாற்றித் தருவது தொகுப்பி. செய்நிரல் எழுதுவோர் யாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் ஆக்கிய நூலகங்களிலிருந்து வேண்டியவற்றை வரவழைத்துக் கொள்வர். இதனை இறக்குமதி என்பர். கப்பலில் வரும் சரக்குப் போன்றதன்று இது. இங்கே வந்திறங்குவது பெரும்பாலும் ஒரு பெயரே. அப்பெயர் முன்பே உள்ள ஒன்றோடு மோதினால் என் செய்வது?

ஜாவா மொழியில் அவ்வாறு மோதியது. அதன் பழைய நூலகமொன்றில் 'லிஸ்ட்' என்பது திரையிலே தோன்றும் தெரிவுப் பட்டியலைக் குறித்தது. 1998 டிசம்பரில் வெளியான 1.2 ஆம் பதிப்பிலோ, வேறொரு நூலகத்தில், பொருள்களை வரிசையாக வைக்கும் அமைப்பொன்றுக்கும் 'லிஸ்ட்' என்றே பெயரிட்டனர். இரு நூலகங்களையும் ஒட்டுமொத்தமாக இறக்குமதி செய்து, அப்பெயரையும் வெறுமனே வழங்கிய செய்நிரல்கள் நேற்றுவரை குறையின்றி இயங்கின, புதிய தொகுப்பியோ, "எந்த லிஸ்ட்?" என்று கேட்டு அவற்றை ஏற்க மறுத்தது. எழுதியவர் ஓரெழுத்தையும் மாற்றியவரல்லர்! எது வேண்டுமென்று குறித்துச் சொன்னால் தொல்லை தீரும். இரண்டும் ஒரே கோப்பில் வேண்டுமாயின், ஒன்றையேனும் ஒவ்வோரிடத்திலும் நீண்ட முழுப்பெயரால் எழுதுதல் வேண்டும். ஜாவாவில் இறக்குமதிக்கு மாற்றுப்பெயர் இன்றளவும் இல்லை. ஒரு பொருள் எங்கும் ஒரே பெயரால் வழங்குவது வாசிப்போர்க்கு நன்மையே என்பதும் மறுக்கற்பாலதன்று.

1991 இல் வெளிவந்த பைதன் மொழி வேறு வழியிற் சென்றது. தொடக்கத்தில் அங்கும் மாற்றுப்பெயர் இல்லை. எனவே முதலில் இறக்குமதி செய்து, பின் வேறு பெயரிட்டு, பழைய பெயரை அழிப்பர். மூன்று வரி வேலை. அதற்கிடையில் அதே பெயரில் முன்பிருந்த ஒன்று அழிந்துபோதலும் கூடும். 2000 ஆம் ஆண்டு தாமஸ் வவுட்டர்ஸ் என்பவர் எழுதிய முன்மொழிவின்படி, 'ஆஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லை இடையிலே வைத்து, ஒரே வரியில் விரும்பிய பெயரை இடும் வழி 2.0 ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது.

தொகுப்பிக்கு இதில் வேலை பெரிதன்று. நூலகத்தைத் தேடிக் கொணர்தல் பழையபடியே நிகழும். கொணர்ந்ததை எப்பெயரின்கீழ் வைப்பது என்னும் இறுதிப் படி மட்டுமே மாறும். புதிய பொருள் எதுவும் பிறப்பதில்லை. ஓரிடத்தில் மட்டும் நுணுக்கம் உண்டு. 'ஓ.எஸ்.பாத்' என்று புள்ளியிட்டு எழுதி இறக்குமதி செய்தால், வழக்கமாக நிரலுக்குள் நிலைபெறுவது 'ஓ.எஸ்.' என்னும் தலைப்பெயரே. மாற்றுப்பெயர் இட்டவிடத்தோ, தொகுப்பி உள்ளே ஒரு படி இறங்கிப் 'பாத்' என்பதையே எடுத்து அப்பெயரோடு பிணைத்தல் வேண்டும்.

உண்மையான சங்கடம் 'ஆஸ்' என்னும் அச்சிறு சொல்லிலேயே இருந்தது. அதனை மொழிக்குரிய ஒதுக்கச் சொல்லாக்கினால், தம் மாறிகளுக்கு அப்பெயரை முன்பே இட்டிருந்தோரின் செய்நிரல்கள் யாவும் கெடும். பெயர்த் தொல்லையைத் தீர்க்க வந்தது புதியதொரு பெயர்த் தொல்லையாகும். ஆதலின் இலக்கண விதியில் அச்சொல்லை எழுதாது, அவ்விடத்தில் ஏதேனும் ஒரு பெயர் வரலாமென்று மட்டும் வகுத்து, வந்தது 'ஆஸ்' தானா என்பதைத் தொகுப்பி பின்னர்ச் சோதிக்கும்படி செய்தனர். அழகிய ஏற்பாடு என்று சொல்லவியலாது. ஆனால் பழைய நிரல்கள் பிழைத்தன. 2006 இல் வந்த 2.5 ஆம் பதிப்பு அச்சொல்லை மாறிப்பெயராக வழங்குவோரை எச்சரித்தது. 2008 இல், 2.6 ஆம் பதிப்பிலேதான் அது ஒதுக்கச் சொல்லாயிற்று.