அவசரத்துக்கு ஒரு பொட்டலம், ஆபத்துக்கு ஒரு போன்

உறையவைத்த பட்டாணி முதல் ஒற்றை எண்ணில் அவசர உதவி வரை வசதிகள் பெருகிவிட்டன. மிச்சமான நேரம் யார் கைக்குப் போனது என்பதுதான் கேள்வி.

காலை ஆறரை மணி. மும்பையின் புறநகர் ஒன்றில், ஏழே கால் லோக்கலைப் பிடித்தாக வேண்டிய ஒரு குடும்பத்தின் சமையலறை. ஃபிரிட்ஜில் கடையில் வாங்கிய தோசை மாவு. ஃபிரீசரில் அரைக் கிலோ பட்டாணி, ஒரு பொட்டலம் பரோட்டா. அலமாரியில் சூடு காட்டினால் போதும் என்கிற ராஜ்மா. குக்கர் இரண்டாவது விசிலுக்குத் தயாராகிறது. மேடையின் ஓரத்தில், மிக்ஸிக்குப் பக்கத்தில் செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. இவற்றில் எதையும் அந்த வீட்டில் ஆடம்பரம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை இல்லாத சமையலறையில்தான் அந்த வீட்டுப் பாட்டி முப்பது வருடம் சமைத்தார்.

இது சோம்பேறித்தனமா, சாமர்த்தியமா? இந்தியக் குடும்பங்கள் குறைந்தது அறுபது வருடமாக இந்த விவாதத்தை நடத்திக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் விவாதத்தில் ஜெயித்தது பாட்டி. வியாபாரத்தில் ஜெயித்தது பொட்டலம்.

விசிலும் விசையும்

தொடக்கம் 1959. இந்தியாவின் இரண்டு பெரிய பிரஷர் குக்கர் நிறுவனங்களான பிரஸ்டீஜும் ஹாக்கின்ஸும் களத்தில் இறங்கிய ஆண்டு அது. நீராவியின் அழுத்தத்தால் தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டிச் செல்ல, மணிக்கணக்கில் வெந்த பருப்பு நிமிடக்கணக்கில் குழைந்தது. விறகும் மண்ணெண்ணெயும் மிச்சம்.

அடுத்து வந்தது மிக்ஸி. வெளிநாட்டு மிக்சர்கள் கேக் மாவு கலக்கப் பிறந்தவை. ஊறவைத்த உளுந்தையும் காய்ந்த மஞ்சளையும் கண்டால் மோட்டார் புகைந்தது. 1963-ல் மும்பையில் எஸ்.பி. மாத்தூர் என்ற பொறியாளர், தன் மனைவியின் மிக்சர் பழுதாகிப் போனதால், இந்திய அரவைக்குத் தாங்கும் மோட்டாரை வடிவமைத்தார். அதுதான் சுமீத். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் ஓய்வு கிடைத்தது. ஊரின் தேவைக்கேற்ப உருவான வசதிதான் ஊரில் நிலைக்கும் என்பதற்கு முதல் சாட்சி அது.

பொட்டல உணவுக்கு ஒரு தள்ளு கொடுத்தது, விசித்திரமாக, நெருக்கடி நிலை. 1975-ல் உணவகங்களின் மீது விலைக் கட்டுப்பாடு வந்தபோது, கட்டுப்படியாகாமல் உணவகத்தை மூட நேர்ந்த பெங்களூர் எம்.டி.ஆர்., உடனடி மாவுகளிலும் மசாலாப் பொடிகளிலும் இறங்கியது. ரவா இட்லியைச் சாப்பிட லால்பாக் வரை போக வேண்டியிருந்த வாடிக்கையாளரின் வீட்டுக்கே ரவா இட்லி பொட்டலமாக வந்தது. 1983-ல் நெஸ்லே நிறுவனம் மேகி நூடுல்ஸைக் கொண்டுவந்தபோது சுவையைவிட முன்னால் நின்ற வாக்குறுதி வேறு: இரண்டு நிமிடம். இந்தியச் சமையலறையில் உணவை நேரத்தால் அளந்து விற்கும் காலம் முழுவீச்சில் தொடங்கியது அப்போதுதான்.

பனியா, பையா?

உறைந்த உணவின் கதை வேறு கண்டத்தில் ஆரம்பிக்கிறது. கனடாவின் லாப்ரடார் பனிப் பிரதேசத்தில், பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைந்துபோவதையும், பிறகு சமைத்தால் புது மீனாகவே ருசிப்பதையும் கவனித்தவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் உணவின் திசுவைக் கிழிக்கும். வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறியவை, திசு தப்பிக்கும். 1920களில் அவர் இதைத் தொழிலாக்கினார். 1950களின் மத்தியில் ஸ்வான்சன் நிறுவனம் அலுமினியத் தட்டில் முழுச் சாப்பாட்டையே உறையவைத்து விற்றது. டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட அமெரிக்கா கற்றுக்கொண்டது.

இந்தியாவில் இந்த வழியில் வீடுவீடாக நுழைந்தது சாப்பாடு அல்ல, பட்டாணி. குளிர்காலத்தில் மட்டும் மலிவாகக் கிடைக்கும் பச்சைப் பட்டாணியைக் கொதிநீரில் சற்று நேரம் முக்கி எடுத்து, நொதிகளை அடக்கி, ஒவ்வொரு மணியாக உறையவைத்தால் ஜூன் மாத வெயிலிலும் மட்டர் பனீர் சாத்தியம். தேசிய பால்வள வாரியம் தில்லியில் 1988-ல் தொடங்கிய சஃபல் கடைகளின் பெயர் இன்று வடக்கில் உறைந்த பட்டாணியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முழுச் சாப்பாடு உறைந்த வடிவில் வேரூன்றாததற்குக் காரணம் நாக்கு மட்டுமல்ல. மைனஸ் 18 டிகிரி குளிர், தொழிற்சாலையிலிருந்து வீடு வரை அறுபடாமல் தொடர வேண்டும். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் பத்தில் சுமார் நான்கு வீடுகளில்தான் ஃபிரிட்ஜ் இருந்தது. மின்வெட்டோ பாரபட்சமின்றி எல்லா வீட்டுக்கும் வரும்.

இந்தியா கண்ட மாற்று வழி மைசூரில் இருக்கிறது. 1961-ல் அமைக்கப்பட்ட ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடம், எல்லையில் நிற்கும் ஜவான்களுக்காகப் பலஅடுக்குப் பையில் அடைத்த உணவுகளை உருவாக்கியது. பாலியஸ்டர், அலுமினியத் தகடு, பாலிபுரொப்பிலீன் என்று அடுக்குகள். அதற்குள் சமைத்த உணவை இட்டு மூடி, சுமார் 121 டிகிரி வெப்பத்தில் கிருமி நீக்கினால் பல மாதம் கெடாது. ஃபிரிட்ஜ் வேண்டாம். கெடாமல் காப்பது வெப்பம்தான் என்பதால் ரசாயனப் பதப்படுத்திக்கும் அவசியமில்லை. இந்தத் தொழில்நுட்பம் தனியார் நிறுவனங்களுக்கு வழங்கப்பட, ஜவானின் புலாவ் சூட்கேஸில் ஏறி வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பையனோடு விமானமேறியது.

பயப்பட வேண்டியது பையின் மீதல்ல, பையின் பின்பக்கத்தின் மீது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது 2 கிராம் சோடியம். பின்பக்கப் பட்டியலில் சோடியம் எவ்வளவு என்று படித்துவிட்டு, அதை அந்த வரம்போடு ஒப்பிட்டாலே பாதி விஷயம் புரியும். உறைந்த உணவுக்கு இன்னொரு விதி: குளிர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் இருப்பதே உத்தமம். நிறைந்த ஃபிரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். கீழே உள்ள ஃபிரிட்ஜ் நான்கே மணி நேரம்தான்.

ஆபத்துக்கு மட்டும்

1995 ஜூலை 31. கல்கத்தாவில் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, தில்லியில் இருந்த மத்திய தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்தார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு ரூ.16-ஐத் தாண்டிய கட்டணம், வந்த அழைப்புக்கும் வசூலிக்கப்பட்டது. அந்த விலையில் அரட்டை ஏது? வாங்கிய நடுத்தர வர்க்கத்தினருக்கு வீட்டில் சொல்ல ஒரே நியாயம்தான் இருந்தது: ஆபத்து அவசரத்துக்கு. அமெரிக்காவிலும் அதே கதை. காரின் கையுறைப் பெட்டியில் அணைத்து வைத்த போன், வழியில் வண்டி நின்றால் மட்டும் வெளியே வந்தது.

இந்தியர்கள் கண்டுபிடித்த வசதியோ காசில்லாதது: மிஸ்டு கால். ஒரு மணி அடித்தால் 'வந்து சேர்ந்துவிட்டேன்', இரண்டு அடித்தால் 'கீழே இறங்கி வா'. 2003-ல் உள்வரும் அழைப்பு இலவசமான பிறகுதான் போன் மேசை டிராயரிலிருந்து சட்டைப் பைக்கு நிரந்தரமாகக் குடிபெயர்ந்தது.

ஆனால் ஆபத்துக்கு வாங்கிய கருவி உண்மையில் ஆபத்துக்கு உதவ, எதிர்முனையில் யாராவது இருக்க வேண்டும். அது தாமதமாகவே வந்தது. 2005-ல் ஆந்திரத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கி, பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடூரம் நாட்டை உலுக்கிய பிறகு, 2017 ஜனவரி முதல் விற்கப்படும் ஒவ்வொரு செல்போனிலும் அபாய பொத்தான் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. சாதா போனில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்தினால் போதும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான 112, 2018 நவம்பரில் இமாசலப் பிரதேசத்தில் முதலில் அறிமுகமாகி மற்ற மாநிலங்களுக்கு விரிந்தது. திரை பூட்டியிருந்தாலும் போனிலிருந்து இந்த எண்ணை அழைக்கலாம். பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் வரவழைக்கத் தெரிந்த எத்தனை வீடுகளில் இது தெரியும்?

மிச்சம் எங்கே?

குக்கர், மிக்ஸி, மாவு, பொட்டலம், போன். இத்தனைக்கும் பிறகு கணக்கு என்ன சொல்கிறது? 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் மீண்டும் ஆய்வு. பெண்கள் 289, ஆண்கள் 88. இடைப்பட்ட ஆண்டுகளில்தான் பத்து நிமிட டெலிவரி நகரங்களைப் பிடித்தது. நாடு முழுவதுக்குமான சராசரியில் பெண்ணுக்கு மிச்சமானது பத்து நிமிடம். ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்குகூடச் செய்யாத ஆணுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சம்.

இது புதிதல்ல. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் எழுதிய நூலில் இதே முடிச்சைத்தான் அவிழ்த்தார். இயந்திரங்கள் வந்தபோது வேலை குறையவில்லை, எதிர்பார்ப்பு கூடியது. வாரம் ஒருமுறை வெளுத்த துணி தினமும் வெளுக்கப்பட்டது. மற்றவர்கள் செய்துவந்த பங்கும் கழன்று, மிச்சம் அம்மாவின் தலையில் விழுந்தது. இந்திய வீடுகளில் அதன் வடிவம் வேறு: மாவு அரைக்கும் வேலை போனதும் மூன்று பேருக்கு மூன்று விதமான டிபன் என்ற வேலை வந்தது.

நேரம் இன்னொரு வழியிலும் கைமாறுகிறது. நான்காவது மாடிக்கு மாவுப் பொட்டலம் பத்து நிமிடத்தில் வருகிறது என்றால், அந்த அவசரத்தைச் சாலையில் சுமப்பவர் ஒரு பைக் இளைஞர். இத்தகைய தொழிலாளர்களின் பதிவுக்கும் நலனுக்குமென்றே தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் ராஜஸ்தான், 2023-ல். வசதிக்கு விலை உண்டு. சில சமயம் அது பில்லில் அச்சாவதில்லை.

அதற்காகப் பொட்டலத்தைப் பழிப்பதில் அர்த்தமில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பெண்ணுக்கும், தனியாக வாழும் முதியவருக்கும் சுடவைத்த ராஜ்மா சோம்பேறித்தனம் அல்ல, சோறு. அந்த முதியவரின் போனில் 112 பற்றி யாராவது சொல்லித்தந்திருந்தால் அது உயிர்.

மும்பை வீட்டில் மணி ஏழு. தோசை தயார். லோக்கலுக்குப் பதினைந்து நிமிடம் இருக்கிறது. கடையில் வாங்கிய மாவு அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்துவிட்டது. வாஷ்பேசினில் பாத்திரங்கள் காத்திருக்கின்றன. அவற்றை யார் கழுவுவது என்பதற்கு மட்டும் இன்னும் எந்த நிறுவனமும் பொட்டலம் கண்டுபிடிக்கவில்லை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் எழுந்து வந்தால் போதும்.