பொதுப்பணியில் புதுமை

புதுமை என்றவுடன் புதிய பொறிகளையே நாம் எண்ணுகிறோம். பொதுப்பணி நிறுவனங்களில் பொறியினும் நெறியே முதன்மை பெறும். இதற்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைச் சான்றாகக் காட்டலாம்.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்குவதற்கென 1994ஆம் ஆண்டு இக்கழகம் நிறுவப்பெற்றது; 1995 சனவரியில் பணியைத் தொடங்கியது. மாவட்டக் கிடங்குகளில் மருந்துகளை இருப்பு வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புத்தகம் வழங்கியது. அதில் குறித்த தொகைக்குள், தனக்கு வேண்டிய மருந்தை வேண்டிய அளவில் மருத்துவமனையே பெற்றுக்கொள்ளலாம். மேலிருந்தே பங்கிட்டளித்தால் ஓரிடத்தில் தேக்கமும் மற்றோரிடத்தில் தட்டுப்பாடும் நேர்வது இயல்பு. நோயாளியை அருகிருந்து காண்பவரிடம் தேர்வுரிமை சென்றமையால் இவ்விரண்டும் குறைய வழி பிறந்தது.

உரிமையோடு காவலும் சேர்ந்தது. மருந்தின் மாதிரிகள், தயாரித்தவர் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண்ணுடன் ஆய்வகம் செல்கின்றன. யாருடைய மருந்து என்றறியாதவர் அதன் தரத்தை மட்டுமே கூற இயலும். கேரளம், இராசத்தான் முதலிய மாநிலங்களும் பின்னர் இத்தகைய கழகங்களை அமைத்துக்கொண்டன.

எனினும் புதுமை தானே பயன் தந்துவிடாது. இருப்பு ஒழுங்காக எழுதப்படாவிடில், தேவை முன்கூட்டியே கணிக்கப்படாவிடில், பாஸ் புத்தகம் வெறுந்தாளே. 'மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்' என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பும் ஏழையர் தொகை குறைந்ததா என்பதே செயல்திறனை அளக்கும் கோல். நாளை அலுவலர்களாக அமரவிருக்கும் நம் மாணவர்கள் அக்கோலைக் கைவிடாதிருப்பார்களாக.